எனக்கு உறைப்பு வேணும்

சோளம் கருகும் வாசம். கரி, எலுமிச்சை, மிளகாய்த்தூள். தெருவோரம் அந்தப் புகை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கழுத்து தானாக விறைத்துக்கொள்கிறது.

மட்டக்களப்பை விட்டுக் கடல் தாண்டி, பார்க்டேலுக்கு வந்த முதல் கோடை. நாற்பது தாண்டிய வயதில் தனி அறை, தனிச் சாவி. காரில் ஒரு மணி நேரம் தள்ளி, ஒஷாவாவில் இருக்கும் அக்கா முடிவே கட்டிவிட்டாள்: "உனக்கு வாயில்ல புள்ள. தனிய இரிக்க ஏலாது. கோடை முடிய வந்து கூட்டிப் போவன்."

வாய் இருக்கிறதா இல்லையா, பார்த்துவிடுவோம். சனிக்கிழமைதோறும் தெருவில் இறங்கினேன். எந்த வண்டியானாலும் நானே கேட்டு வாங்கி, நின்றபடியே தின்பது. ஜமேக்காக்காரரின் சுட்ட கோழி. டிரினிடாட் கடலைக்கறி மடித்த ரொட்டி. மெக்சிக்கோப் பெண்ணின் சோளம். பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைத் துடைத்துத் துடைத்துத் தின்றார்கள். எனக்கு மட்டும் எல்லாம் பத்தியச் சாப்பாடு.

"உந்த ஊர்ச் சாப்பாட்டில உறைப்பு ஏது? என்னோட வா, நான் ஆக்கித் தாறன்." போனில் அக்கா சிரித்தாள்.

விடவில்லை. சோளக்காரியிடம் திரும்பவும் போய் நின்றேன். மிளகாய்த்தூள் டப்பாவைத் தூக்கிக் காட்டி, "சில்லி?" என்றாள். வழக்கம்போலத் தலையை இரண்டு பக்கமும் சாய்த்தேன். டப்பா கீழே இறங்கியது.

அப்போதுதான் பிடிபட்டது. மட்டக்களப்பில் எல்லோரும் ஓம் என்று ஆட்டுகிற ஆட்டம் இங்கே வேண்டாம் என்றாகிவிடுகிறது. இத்தனை சனியும் உறைப்பு வேணுமா என்று கேட்டபோதெல்லாம் வாய் சும்மா இருக்க, வந்த உறைப்பையெல்லாம் தலை திருப்பி அனுப்பியிருக்கிறது!

"யெஸ்!" என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது. "யெஸ், யெஸ், மோர்!"

அவள் சிவக்கச் சிவக்கத் தூவினாள். மூக்கு ஓடியது, காது எரிந்தது. எரிய எரியத் தின்றேன். ஒரு சோளமணியையும் விடவில்லை.

கோடை முடிய அக்கா காரோடு வந்தாள். அவளுக்கும் ஒரு சோளம் வாங்கினேன், வாயால் கேட்டு. இரண்டாம் கடியில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கொல்லப் பாக்கிறியாடி?" முகத்தைத் துடைத்துக்கொண்டு கார்க்கதவைத் திறந்தாள். "சரி, உன்ர சாமானை எடு. போவமா?"

தலை பழக்கத்தில் சாயப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

"இல்லக்கா. நான் இஞ்சதான் இரிக்கப் போறன். வாற சனி நீ வா, கோழி வாங்கித் தாறன்."

மிச்சச் சோளத்தில் இன்னொரு கடி கடித்தாள். பிறகு ஏறி, காரை எடுத்தபடி கண்ணாடியை இறக்கினாள்.

"எனக்கு உறைப்புக் குறைச்சு வாங்கு, புள்ள."