பெற்றவளுக்குக் கொடுத்த காயம்

இங்கிலாந்தில் எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் "ஆர் யூ ஆல்ரைட்?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு நிற்காமல் போய்விடுகிறார்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, முழங்கால் நோவில் தொடங்கி மகள் சிபானாவின் பிள்ளைப்பேறு வரைக்கும் தமிழிலேயே சொன்னேன். பாதியில் அவள் காரில் ஏறிவிட்டாள். இலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதில் சுகம் கேட்டவர் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போக முடியுமா? இந்த நாட்டில் என் பதிலுக்குக் காத்திருந்தவள் ஒருத்திதான். அவளால்தான் வினை வந்தது.

சிபானா மகனைப் பெற்று வீடு வந்த அன்றே காயம் அரைக்கத் தொடங்கினேன். வேர்க்கொம்பு என்கிற சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், மஞ்சள், உள்ளி என்கிற பூண்டு எல்லாவற்றையும் மைபோல அரைத்து, சாறு பிழிந்து காய்ச்சிக் கொடுப்பது. பெற்ற வயிறு ஆறுவதற்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் குடிக்கும் மருந்து. ஊரில் உள்ளவர்களுக்கு இது தெரியும். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சிபானாவை நான் பெற்றபோது ஊரடங்கு. பக்கத்து ஊர்க் கல்முனைக் கடைகள் எல்லாம் பூட்டு. ஆனாலும் ஒரு வேளை காயம் தவறவில்லை. ஒரு வீட்டு மிளகும் இன்னொரு வீட்டுத் திப்பிலியும் வேலிக்கு மேலால் வந்துகொண்டே இருந்தன. தெருவில் இறங்க முடியாத அந்த நாட்களிலும் அடைபட்டுக் கிடப்பதாக நான் நினைத்ததில்லை.

பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த மிட்வைஃப், அதுதான் மருத்துவிச்சி, சிபானாவின் கண் சிவந்திருந்ததைக் கண்டாள். பால் சுரக்கவில்லையென்று அழுதிருந்தாள் மகள். மிட்வைஃப் அவளை வெளியே அனுப்பிவிட்டு, போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தாள். வந்தது இந்தியப் பெண்ணின் குரல்.

"அம்மா, பொண்ணுக்கு நீங்க என்ன கொடுக்கறீங்க?"

"காயம் குடுக்கிறன்."

"காயமா? எப்போ?"

"காலயிலயும் பின்னேரத்திலயும். நாப்பது நாளைக்கும் குடுக்கணும்."

"அவங்க வேணாம்னு சொல்லலையா?"

"சொல்லுவாள், அழுவாள். உடுவனா நான்? மூக்கப் பொத்திப் புடிச்சாவது குடுப்பன். என்ட உம்மாவும் எனக்கு இப்பிடித்தான் குடுத்த."

பிறகு அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மிட்வைஃபின் முகம் வெளுத்தது. காயம் என்றால் புண் என்று எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் அதை யார் நினைப்பார்? மகளுக்கு நான் தினமும் இரண்டு வேளை அடிப்பதாக என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிட்டது.

சிபானா எவ்வளவோ விளங்கப்படுத்தினாள். அடிபடுகிறவளும் அப்படித்தான் மறைத்துக் கதைப்பாள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எண்ணினார்களோ என்னவோ, விசாரித்து முடியும்வரை தாயோடும் பிள்ளையோடும் நான் தனித்திருக்கக் கூடாது என்றார்கள். மருமகன் வேலைக்குப் போகாமல் காவலிருந்தார். எனக்கு மேல்மாடி அறை. கதவு பூட்டவில்லை. ஆனாலும் கீழே பிள்ளை அழும்போது கட்டில் விளிம்பைப் பிடித்தபடி இருந்தேன். ஒரு வீட்டில் நான் ஒன்றும் செய்யாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மிட்வைஃப் மறுபடியும் வந்தாள். போனில் இப்போது ஓர் ஆண் குரல். அதே கேள்வி. காயம் என்று சொல்ல நா எழவில்லை. மருந்து என்றால், கேளாமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாதென்று மகளிடம் முன்னமே சொல்லியிருந்தார்கள்.

"கறி" என்றேன்.

அவர் வாய் திறப்பதற்குள் மிட்வைஃபுக்கு விளங்கிவிட்டது. "கறி!" என்று சிரித்தாள். என்னென்ன போடுவதென்று கேட்டாள், சொன்னேன். எல்லாம் அவள் வீட்டுக் குசினியிலும் உள்ள சாமான்தானாம். மகள் விளங்கப்படுத்தியதும் இதையேதான் என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். தானே பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"என்ன உம்மா சொன்னீங்க?" என்று கேட்டபடி உள்ளே வந்தாள் சிபானா.

"கறி எண்டு சொன்ன."

"இந்தக் கசப்புக்கா?" பிள்ளை பெற்றபின் அன்றுதான் அவள் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து என் மூத்தவள், ராத்தாவின் அழைப்பு. "புள்ளப் பெத்தவளுக்கு என்னகா குடுக்கிறாய்?"

மிட்வைஃப் எதிரில் இருந்தாள். காயம் என்ற சொல் அவளுக்கும் இப்போது தெரியும்.

"கறி, ராத்தா."

"பச்ச உடம்புக்காரிக்குக் கறியா? வெளிநாட்டுக்குப் போய் உனக்குப் புத்தி பெரண்டு போச்சா? காயம் குடுக்கத் தெரியாதா உனக்கு?"

ராத்தா ஏசிக்கொண்டே இருந்தாள். எனக்கு விளங்கிய ஒவ்வொரு சொல்லும் காதைச் சுட்டது. எதிரே மிட்வைஃப் என்னைப் பார்த்துத் தலையாட்டி, "கறி, கறி" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். ராத்தாவுக்குச் சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல்லை விழுங்கிக்கொண்டு, மடியில் பிள்ளையோடு நானும் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.