கோவை – மதுரை, நாற்பத்தைந்து நிமிடம்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ராபின் எல்லாப் பாடமும் நடத்துவார், வேகம், தூரம், நேரம் தவிர. அது வந்தால் சாக்பீஸை என் கையில் திணித்து, "கிதர் சார், செத்த பாத்துக்கங்க" என்று வெளியே போய்விடுவார். நான் அறிவியல் வாத்தியார், எனக்கென்ன தலையெழுத்து? ஆனாலும் வாங்கிக்கொள்வேன். காரணம் எனக்குத் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அம்மா அல்போன்சா சாகக் கிடந்தார். மூத்த மகன் கிளெமென்ட் புனேயில் இருந்தார். அவர் கல்யாணம் பண்ணிக் கூட்டிவந்த கௌசல்யாவை வாசலோடு திருப்பி அனுப்பியது இந்த அம்மாதான். அதற்கப்புறம் ஆறு வருஷம் கிளெமென்ட் எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கமே தலைகாட்டவில்லை. இப்போது அம்மாவே ஆள்விட்டுக் கூப்பிட்டிருந்தார். பிள்ளை கோபம் தீர்ந்து வருவானா, மாட்டானா? அது ஒன்றுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

மத்தியானம் மூன்றரைக்கு ராபினுக்கு அண்ணனிடமிருந்து போன் வந்தது. "மதுரைக்கு டிக்கெட் கெடைக்கலடா. கோயம்புத்தூர்ல எறங்கிட்டேன், வாரேன்." அதற்குள் கட்டாகிவிட்டது.

ராபின் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறியதில்லை. அண்ணன் அங்கிருந்து மதுரைக்கு இன்னொரு விமானம் ஏறுவார் என்று நினைத்துப் போனில் தட்டினார். கோவை விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையம் நூற்று எழுபத்தாறு கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாற்பத்தைந்து நிமிடம் என்று காட்டியது. அங்கிருந்து திண்டுக்கல்லுக்குக் காரில் ஒன்றரை மணி என்று கூட்டிக்கொண்டார்.

"ஆறு மணிக்குள்ள அண்ணன் வந்துரும்மா."

அந்த அம்மா கடிகாரம் தெரிகிற மாதிரித் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார்.

அட மனுஷா! ரெண்டு ஊரிலும் விமான நிலையம் இருந்தால் நடுவே விமானம் ஓடும் என்று எவன் சொன்னான்? பஸ் ஸ்டாண்டா அது? அன்றைக்கு அப்படி ஒரு விமானமே கிடையாது. கிளெமென்ட் டாக்சி பிடித்துத் தாராபுரம் வழியாக வந்துகொண்டிருந்தார். சார்ஜ் தீர்ந்து அவர் போன் அணைந்து கிடந்தது.

நானும் அந்தக் கட்டிலருகில்தான் இருந்தேன். ஆறு ஆனது. ஆறேகால் ஆனது. ராபின் திரும்பத் திரும்பப் போன் போட்டார். அந்த அம்மா எங்களைப் பார்க்கவில்லை.

"அவனுக்குக் கோவம் தீரல, அப்பு. விட்டுரு" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் வாய் திறக்கவில்லை. ஆறே முக்காலுக்கு மூச்சு நின்றது.

கிளெமென்ட் வந்தது ஏழேகாலுக்கு. ஓடிவந்து தம்பியின் சட்டையைப் பிடித்துக் கேட்டார்: "நான் வாரேன்னு அம்மாவுக்குத் தெரியுமாடா?"

"தெரியும்ணே. வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"அது போதும்டா" என்று கிளெமென்ட் அழுதார்.

ராபின் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. நாலு மணிநேரம் ஆகும் என்று சொல்லியிருந்தால் அந்த உயிர் தாக்குப்பிடித்திருக்கும் சார் என்பார். பைத்தியமா உங்களுக்கு என்று திட்டுவேன். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்பதை மட்டும் சொன்னதில்லை.

இந்தக் கல்லறைத் திருநாளுக்குக் கிளெமென்ட் கௌசல்யாவோடு வந்திருந்தார். மெழுகுவத்தி ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க கூடவே இருந்தீங்கள்ல? அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?"

ராபின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புள்ள வாரான்னு சொன்னாங்க" என்றேன்.