வெள்ளம் இல்லை

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை வாசலில் கரும்பலகை தொங்கும். குற்றாலத்தில் சாரல் உண்டா, அருவியில் தண்ணீர் விழுதா என்று கடைக்காரர் தினம் காலையில் சாக்கட்டியால் எழுதிப் போடுவார். முதல் பஸ் கண்டக்டர் சொல்லுததுதான் அவருக்குச் சேதி. வெளியூர்க்காரங்க தலையைத் தூக்கி மலையைப் பார்க்கமாட்டாங்க. பலகையைப் பார்த்துட்டுத்தான் குற்றாலம் பஸ்ஸில் ஏறுவாங்க.

நாங்க குற்றாலத்தில், அருவித் தண்ணீர் ஓடிவருத வாய்க்கால் பக்கம் குடியிருந்தோம். அந்த வருஷம் சாரல் சும்மா தூறிட்டு நின்னுபோச்சு. அருவி பாறையில் நூலாட்டம் ஒழுகுச்சு. கிணறும் வத்திட்டு. வீட்டில் என் தங்கச்சி பிள்ளை பெத்துப் படுத்திருந்தா. அவளுக்குக் காய்ச்சிக் கொடுக்க வாய்க்கால் தண்ணியை விட்டா வேற தண்ணி கிடையாது.

ஒரு நாள் குடத்தோட போறேன், வாய்க்கால் முழுக்க ஜனம். எல்லார் உடம்பிலும் எண்ணெய் வழியுது. இங்கன வந்தா பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதல்ல எண்ணெய், பிறகுதான் அருவி. தேய்ச்சு முடிச்சிட்டு மேல பார்த்திருக்காங்க, குளிக்கத் தண்ணி இல்லை.

"என்ன அண்ணாச்சி, இதுக்கா கூட்டிட்டு வந்தீரு?"

"பலகையில வெள்ளம் இல்லன்னு போட்டிருந்துல்லா. பயமில்லாம குளிக்கலாம்னு வந்தேன்."

கடைக்காரர் புளியறைக்கு அந்தப்பக்கத்து மலையாளத்தார். அவருக்கு வெள்ளம்னா தண்ணி. அருவி வத்திட்டுன்னு அவர் எழுதினதை, பெருவெள்ளம் இல்லைன்னு வாசிச்சிட்டு வந்திருக்கு வாசுதேவநல்லூர், திருவேங்கடத்துக் கூட்டம்.

எண்ணெய்த் தலையோட பஸ் ஏற முடியுமா? கணுக்கால் தண்ணியில் உருண்டு புரண்டாங்க. சீயக்காய்ச் சக்கை, வெத்தலை எச்சில், சோறு ஒட்டின இலை எல்லாம் மிதந்து வந்துச்சு. ஒரு பருத்த பொம்பளை வாய்க்கால் கல்லில் குதிங்காலைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தா. எனக்கு யார்கிட்டயும் வாய் திறந்து பேச வராது. அன்னைக்குப் பேசினேன்.

"குடிக்கிற தண்ணி, ஆச்சி."

"ஓடுற தண்ணிக்கு என்னட்டி? போ, மேல போய் மொண்டுக்கோ." மேலேயும் தலைகள்தான்.

மொண்டு வந்ததைத் துணியில் வடிகட்டினேன். அழுக்கு நின்னுச்சு, எண்ணெய் நிக்கல. காய்ச்சினா அதே நாத்தம். தங்கச்சி ஒரு வாய் வச்சிட்டுக் குமட்டித் துப்பினா.

என் வீட்டுக்காரர் அன்னைக்கே தென்காசிக்குப் போய்ச் சண்டை போட்டார். "வெள்ளம் இல்லன்னுதானே எழுதினேன், இல்லைதானே?"ன்னு கடைக்காரர் முழிச்சாராம். இவரே அழிச்சிட்டு, "தண்ணீர் இல்லை"ன்னு எழுதிட்டு வந்தார். மறுநாளிலிருந்து கூட்டம் இல்லை. ஆனா கல்லில் எண்ணெய் ஒட்டிக் கிடந்துச்சு. இலஞ்சிக்கு நடந்து தண்ணி சுமந்தேன், தங்கச்சி குடிச்சா.

பிறகு சாரல் பிடிச்சு, வாய்க்கால் கரை தொட்டு ஓடுச்சு. எல்லாரும் மொண்டாங்க. நான் குனிஞ்சாலே அந்தக் குதிங்கால்தான் கண்ணில் நிக்கும். வெறுங்குடத்தோட திரும்பிடுவேன்.