அடைப்புக்குறிக்குள் ஒரு கைமணி

என் மருமகளின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. ஆனால் பதவியில் இருக்கிறவர்கள், பதவியை இழந்தவர்கள், பதவிக்கு ஆசைப்பட்டுத் தோற்றவர்கள் எல்லாருடைய பேச்சும் அவள் விரல் வழியாகத்தான் காகிதத்துக்கு வந்திருக்கிறது. மாதம் ஒருமுறை வருகிற பத்திரிகை அது. அதில் ஒரே ஒரு பேட்டிதான் பிரதானம், இருபது பக்கத்துக்குக் குறையாது. நிருபர் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் உட்கார்ந்து கேட்பார். பதிவு பண்ணினதை நகத்தளவு அட்டையில் போட்டு எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார். மருமகள் காதில் மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு மிதிகட்டையை வைத்துக்கொண்டு உட்காருவாள். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். என் மகன் லாரி ஓட்டுகிறவன். "என்னைவிட இவ காலுக்குத்தான் வேலை ஜாஸ்தி, ஆனா ஊர் போய்ச் சேர மாட்டேங்கறா" என்பான்.

பதினோரு வருஷமாக இந்த வேலையில் அவளுக்கு இரண்டு விரதம். ஒன்று, காதில் விழுந்தது எதையும் விடமாட்டாள். இருமினால் அடைப்புக்குறிக்குள் இருமல். நாற்காலியை நகர்த்தினால் அதுவும். ஒரு மந்திரியிடம், பள்ளிக்கூடங்களை ஏன் மூடினீர்கள் என்று நிருபர் கேட்டார். அவர் பதில் சொல்லும் முன்னால் இவள் (பதினோரு விநாடி மௌனம்) என்று அடித்துவிட்டாள். ஆசிரியர் அதை அப்படியே அச்சிட்டார். மந்திரி சொன்ன பதிலை ஒருத்தரும் பேசவில்லை, அந்தப் பதினோரு விநாடியை ஊரே ஒரு மாதம் பேசியது. அதிலிருந்து அடைப்புக்குறிதான் அந்தப் பத்திரிகைக்கு மீசை மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது விரதம், "இது எழுத வேண்டாம்" என்று பேசுகிறவர் சொன்னால் அந்த இடத்தை அவள் கேட்கவே மாட்டாள். நிருபர் கருவியை அணைக்கிற பழக்கமில்லாதவர். ஒருமுறை அணைத்துவிட்டுத் திரும்பப் போட மறந்து, ஒரு முழுப் பேட்டியைப் பறிகொடுத்தவர். அதனால் எத்தனையாவது நிமிஷத்திலிருந்து எத்தனையாவது நிமிஷம் வரை வேண்டாம் என்று உறைமேல் எழுதித் தருவார். இவள் தாண்டிப் போய்விடுவாள்.

"கேட்டா என்னடி? காத்துல போற பேச்சுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்கக் கூடாததைக் கேட்டுட்டு எழுதாம இருக்கிறது, திருடிட்டுத் திருப்பி வைக்கிற மாதிரி அத்தை" என்றாள்.

எனக்கு எழுத்து வராது. காது நன்றாக வரும். என்ன சத்தம் என்று அவளுக்குப் பிடிபடாவிட்டால் என் காதில் மாட்டிவிடுவாள். ஒரு கட்சித் தலைவர் பேட்டியில் அடிக்கடி 'டொக் டொக்' என்று கேட்டது. அவள் நாற்காலி என்றாள். நான், "நாற்காலி இல்லடி, அந்த ஆளோட முழங்கால். எழுந்து எழுந்து உட்கார்றாரு, பதில் சொல்ல முடியல" என்றேன். நிருபரிடம் கேட்டால் அதுதான் நிஜம். அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். இந்தக் கதை நடந்ததற்கு அந்தத் தலைக்கனமும் ஒரு காரணம், அதை மறைக்க மாட்டேன்.

அந்த வருஷம் குடிநீர்ப் பேட்டி வந்தது. தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பேசினார். மூன்று வருஷமாக, நல்ல தண்ணீர் இல்லை என்று இவர்கள் எழுதி அனுப்பியதை மேலே யாரோ நல்ல தண்ணீர் என்று மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத்தான் ஜனங்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் போடக்கூடாது, ஊர் போடக்கூடாது, ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியக்கூடாது என்று ஏற்பாடு. இவருக்கு முன்னால் அதே இலாகாவில் வாய் திறந்த ஒருவர் வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. அவருடைய சைக்கிள் மட்டும் பாலத்தடியில் கிடைத்தது, பூட்டுப் போட்டபடி.

அந்தப் பேட்டியில் மூன்று இடத்தில் ஒரு மணிச் சத்தம். கேட்டவுடன் அவர், "ஒரு நிமிஷம் சார், வந்துடறேன்" என்று எழுந்து போகிறார். மருமகள் (மணி ஒலிக்கிறது) என்று அடித்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"வெறும் மணின்னா வாசல் மணியா, போன் மணியா? இது கைமணிடி. படுத்த படுக்கையா இருக்கிறவங்க கூப்பிடறது. அப்படியே போடு."

"அவ்வளவு வேணுமா அத்தை?"

"உன் மாமனார் படுத்துக்கிட்டு ஒன்றரை வருஷம் என் உயிரை எடுத்து மணி அடிச்சாரு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? காதுல விழுந்ததை விடமாட்டேன்னு பெருமை பேசறவதானே நீ? போடுன்னா போடு."

போட்டாள்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தது. அச்சுக்குப் போனதும் அந்த அட்டையை அழித்துவிடுவது வழக்கம். அழிப்பதற்கு முன்னால் சரியான அட்டைதானா என்று இங்கொரு துண்டு அங்கொரு துண்டு ஓட்டிப் பார்ப்பாள். நான் டீயை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கால் மிதிகட்டையிலேயே இருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை. கழற்றி என் காதில் மாட்டினாள். எழுத வேண்டாம் என்று அவள் தாண்டிப் போயிருந்த இடம் அது, தவறிப்போய் அதில் விழுந்திருந்தாள். அதே மனிதர் பேசுகிறார்.

"ஆபீஸ்ல எங்க அம்மா மணியை எல்லாருக்கும் தெரியும் சார். வீட்டிலேர்ந்து போன் வந்தா பின்னாடி அது கேக்கும். 'ஓடுப்பா, உனக்கு மணி அடிச்சாச்சு'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. நாங்க மொத்தமே பதினாலு பேர். அம்மாவைப் பத்தி மட்டும் ஒரு எழுத்து வந்துடக் கூடாது சார். வந்தா நான் தொலைஞ்சேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த மனிதர் தன் வாயால் கெடவில்லை, என் காதால் கெடப் பார்த்தார்.

ஆசிரியருக்கு போன் போட்டாள். பத்திரிகை மேல் நடக்கிற வழக்கு ஒன்றுக்காகக் கோர்ட்டில் இருந்தார், போன் அணைந்திருந்தது. நிருபர் வெளியூர். அச்சகத்தில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? "நான் போறேன்" என்று செருப்பை மாட்டினாள், இடது கால் செருப்பை வலது காலில். "நில்லு, நானும் வரேன்" என்றேன். "உங்களுக்கு மூச்சு வாங்கும் அத்தை." "வாங்கினா வாங்கட்டும், திருப்பிக் கொடுத்துடறேன், நட" என்றேன்.

பஸ்ஸில் ஒருவன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். மருமகள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உள்ளே அழுந்தியது. நாலு நிறுத்தம் அப்படியே பார்த்தான். வேவு பார்க்கிறவன்தான் என்று முடிவே கட்டிவிட்டோம். கடைசியில் அவன், "பாட்டி, அந்தப் பையை எடுத்தீங்கன்னா நான் உக்காருவேன்" என்றான். சிரிப்பு வரவில்லை. பயந்தவனுக்கு இருட்டு வேண்டியதில்லை, பட்டப்பகலே போதும்.

அச்சகத்தில் பதினாறு பக்கம் சேர்ந்த பெரிய தாள்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அதை அவர்கள் ஃபாரம் என்கிறார்கள். பேட்டியின் அந்த மூன்று மணியும் ஒரே ஃபாரத்தில் இருந்தது எங்கள் நல்ல காலம். மடிக்கிற இயந்திரத்துக்கு முதல் கட்டு போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க அண்ணா" என்றாள் மருமகள்.

ஃபோர்மன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்தார். "நீ யாரும்மா?"

"இதை அடிச்சுக் கொடுத்தவ."

"அடிச்சவ சொல்லி நிறுத்தினா, நாளைக்குப் பசை காய்ச்சறவன் வந்து நிறுத்துவான். ஆசிரியர் சொல்லட்டும்."

"அவர் கோர்ட்ல இருக்கார். ஒரு தப்பு நடந்துபோச்சு அண்ணா."

"தப்பு இல்லாத பத்திரிகை எங்கம்மா இருக்கு? அடுத்த இதழ்ல திருத்தம் போடுங்க."

என்ன தப்பு என்று அவளால் சொல்லவும் முடியாது. சொன்னால் அங்கே நிற்கிற ஒன்பது பேருக்கும் தெரிந்துவிடும். வாய்க்குள்ளேயே மென்றுகொண்டு நின்றாள். நான் போய் அந்தத் தாள் அடுக்கில் ஒரு குட்டையான கட்டாகப் பார்த்து மேலே உட்கார்ந்துவிட்டேன்.

"பாட்டி, எழுந்திருங்க. மை காயல. புடவையெல்லாம் ஆயிடும்."

"ஆகட்டும். என்னையும் சேர்த்து மடிச்சு வெளியில அனுப்பு."

"இது என்ன வம்பா இருக்கு!"

"வம்புதான். உங்க அம்மா இப்படி உக்காந்தா இழுத்துத் தள்ளுவியா? தள்ளுவேன்னா தள்ளு."

அவர் தள்ளவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். அந்த இரைச்சல் அடங்கின பிறகுதான் என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு இடைவேளையில் ஆசிரியர் போனில் கிடைத்தார். மருமகள் மூலையில் திரும்பி நின்று அவரிடம் சொன்னாள். அவர் இரண்டே வார்த்தை கேட்டுவிட்டு, "போனை ஃபோர்மன்கிட்ட கொடும்மா" என்றார். ஃபாரம் முழுவதும் கழிக்கப்பட்டது. மூன்று இடத்திலும் (இடைவெளி) என்று மாற்றி, திரும்ப ஓட்டினார்கள்.

எனக்குப் போன உயிர் வந்தது. அப்போது ஃபோர்மன் போனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"காலையில முதல் ரெண்டு பிரதியைக் கையால தைச்சு அனுப்பிட்டோம் சார், வழக்கம் போல. ஆமா, அரசாங்க ஆபீஸுக்குத்தான். சட்டம் சார் அது. கையெழுத்து வாங்கிட்டு வந்தாச்சு."

அந்த இரண்டிலும் கைமணி அப்படியே இருந்தது.

மறுநாள் நிருபர் வந்தார். திட்டவில்லை. "நான் மூணு தடவை படிச்சேன். பேரு, தெரு, தேதி எல்லாம் சலிச்சேன். அடைப்புக்குறியைக் கண்ணு தாண்டிப் போயிடுச்சு" என்றார். அந்த மனிதரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். படுத்திருக்கிற அம்மாவை விட்டுவிட்டு அவர் எங்கே ஓடுவார்? ஒன்றுதான் கேட்டாராம். தனக்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே யாருக்காவது தெரிய வேண்டும், அம்மா தனியாகக் கிடந்துவிடக் கூடாது. நிருபரின் போனை யாரும் ஒட்டுக் கேட்கலாம். தட்டெழுதுகிறவளை யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து மதியம் ஒன்றேகாலுக்கு எங்கள் போன் அடிக்கும். அவர் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து எங்களுக்குப் போடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்தக் கைமணி ஒரே ஒரு தடவை ஒலிக்கும், வைத்துவிடுவார். இன்றைக்கு இருக்கிறார் என்று அர்த்தம். மருமகள் பன்னிரண்டு மணிக்கே வேலையை நிறுத்திவிடுவாள். பத்திரிகை வெளிவந்து ஊர் கொந்தளித்தது. ஆய்வுக்கூடத்தில் விசாரணை என்று செய்தி வந்தது. பதினாலு பேரையும் ஒவ்வொருத்தராகக் கூப்பிடுகிறார்கள் என்றும் வந்தது. அந்த இரண்டு பிரதியை யாராவது புரட்டினார்களா, இல்லை அலமாரியில் தூசி தின்கிறதா என்று மட்டும் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

பத்தொன்பது நாள் மணி ஒலித்தது. இருபதாவது நாள் ஒன்றேகால் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. மருமகள் போனைத் தூக்கிப் பார்த்தாள், இரைச்சல் இருக்கிறது. இரண்டு மணிக்கு அடித்தது. நான் எடுத்தேன். மணி ஒலிக்கவில்லை. பாதி மூச்சில் ஒரு பெண் குரல்.

"யாரு... பேசறது? என் பையன் தினமும் இந்த நம்பருக்குத்தான் போடுவான். இன்னைக்கு அவன் வரல. அதான் நானே போட்டேன்."

"வந்துடுவாரும்மா. வேலை இருக்கும்" என்றேன்.

"காலையில ரெண்டு பேர் வந்து அவனை வண்டியில கூட்டிட்டுப் போனாங்க. நீங்க அவனுக்கு என்ன வேணும்?"

"உங்களை மாதிரி ஒரு அம்மா" என்றேன். "போனை வைக்காதீங்க. அவர் வர்ற வரைக்கும் பேசிட்டிருப்போம்."

பேசினோம். அந்த அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போய் நாலு வருஷம். என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். "மணியால உங்க உயிரை எடுத்தாரா? நானும் அப்படித்தான் என் பையனை" என்று சிரித்தார், சிரிப்பு இருமலாக முடிந்தது. மருமகள் என் முன்னால் தரையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி ஆயிற்று. மூன்றரை.

அந்தப் பக்கம் ஒரு சத்தம். நான் கையைத் தூக்கினேன்.

"என்ன சத்தம் அத்தை?" என்றாள் மருமகள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் உடனே சொல்லவில்லை. கதவு திறந்தது. அது கதவுதான். காலடி. ஒருவரா, இரண்டு பேரா? காதை அழுத்திப் பிடித்தேன். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அப்புறம் எதுவும் விழவில்லை. வெறுங்காலோடு ஒருவர் நடந்து வருகிறார்.

"ஒரே ஆள்" என்றேன் மருமகளிடம். "ஒரே ஆள்தான்டி."

"யார்கிட்டம்மா பேசிட்டிருக்கே?" என்றது அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல். அட்டையில் கேட்ட அதே குரல். பிறகு போனுக்குப் பக்கத்தில் வந்து, எங்களிடம் ஒன்றும் பேசாமல், மணியை எடுத்து ஒரு தடவை அடித்தார்.

எல்லாரையும் போல அவரையும் கேட்டிருக்கிறார்கள். சோதனைத் தாளில் இருந்த கையெழுத்தைப் பற்றிக் கேட்டார்களாம், ஆய்வுக்கூடச் சாவியைப் பற்றிக் கேட்டார்களாம், அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லையாம். அந்த வருஷக் கடைசியில் அவர் வேலையை விட்டார். அந்த அம்மா போய்ச் சேர்ந்து இப்போது இரண்டு வருஷம். இனி சொல்லலாம் என்று அவரே சொல்லி அனுப்பியதால் சொன்னேன்.

மருமகள் இன்னும் அதே வேலைதான் பார்க்கிறாள். அடைப்புக்குறியில் இப்போது (சத்தம்) என்று மட்டும் போடுகிறாள். என் காதில் மாட்டிவிடுவதில்லை, நானும் கேட்பதில்லை. ஒன்றேகாலுக்கு மட்டும் அவள் கால் தானாக மிதிகட்டையை விட்டுவிடும். நான் அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன்.