இரண்டு பக்கமும் நல்ல பேர்

நாணல் அறுப்பவர்கள் எல்லோருக்கும் அவள் தங்கச்சிதான். அவர்களுடைய தலைவர் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் என்பதால் அவளைவிடச் சின்னவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். சதுப்பு நிலத்துப் பறவைகளை ஆராயக் கடல் தாண்டி வந்த குழுவோ, அதுவே அவள் பெயர் என்று நினைத்துச் சம்பளச் சீட்டிலும் தங்கச்சி என்றே போட்டது.

புருஷன் போன பிறகு நகரத்தில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் பல வருஷம் நின்று அந்த வெளிப்பாஷையைக் கற்றவள். இப்போது அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். இரண்டு பக்கத்துப் பேச்சும் தெரிந்த ஒரே ஆள் என்பதால் கூட்டங்களில் பேச்சை மாற்றிச் சொல்வது அவள் வேலை.

சேர்ந்தே ஆராய்வோம், சேர்ந்தே முடிவெடுப்போம் என்பதுதான் திட்டத்தின் பெருமை. ஒருவர் தலையாட்டாவிட்டாலும் முடிவு கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனை தலைகளையும் ஆட்டி வைக்கும் வேலை ஒருத்தியின் தலையில் விழுந்தது.

முதல் கூட்டத்தில் குழுத்தலைவி சொன்னாள்: "குஞ்சு பொரிக்கிற காலத்துல ஒரு நாணல் தண்டைக்கூடத் தொடக் கூடாது."

அண்ணனின் முன்கோபம் ஊரறிந்தது. "அந்த நேரத்துல கொஞ்சம் பார்த்து அறுக்கச் சொல்றாங்கண்ணா" என்றாள் தங்கச்சி.

"எங்கப்பா அறுத்த இடத்துல எனக்கே சட்டமா? வேலையைப் பார்த்துட்டுப் போகச் சொல்லு."

"யோசிச்சுச் சொல்றாராம்" என்றாள் குழுத்தலைவியிடம்.

இரண்டு பக்கமும் சிரித்தது. தேநீர் வந்தது. பெரிய சண்டையைத் தடுத்துவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட.

அப்புறம் அந்தப் பொய்யிலிருந்து வெளியே வரவே முடியவில்லை. ஒன்றைச் சொன்னதற்காக இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. காய்ச்சல் வந்தாலும் லீவு போட முடியாது. கூட்டத்தின் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். நடுவில் எழுந்து போகும்போது இரண்டு பக்கமும் கையைக் காலை ஆட்டிப் பேசிப் புரிந்துகொண்டுவிட்டால்? இவ்வளவு ஒற்றுமை எப்படி வந்தது என்று பார்த்துப் போக வேறு நாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கிணற்றுக்குள் நின்றுகொண்டு மேலே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வது போல இருந்தது அவளுக்கு.

கடைசியில் ஒப்பந்த நாள் வந்தது. அடைகாக்கும் மாதங்களில் அறுத்தால் அறுக்கும் உரிமையே அடியோடு போய்விடும். அந்த மாதங்கள் அடுத்த வாரம் தொடங்குகின்றன; அண்ணனோ அப்போதே அறுக்க இறங்கத் தயாராக இருந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு அறுத்தானானால் குடும்பத்தின் சோறு போச்சு. போதும், சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

"அண்ணா, அந்த மாசங்கள்ல ஒரு தண்டைக்கூடத் தொடக் கூடாதாம். தொட்டா உரிமையே போயிடும். முதல்ல இருந்தே இதைத்தான் சொல்றாங்க. நான்தான் மாத்தி மாத்திச் சொன்னேன்."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இந்தம்மாவா? இத்தனை மாசமா எவ்வளவு தன்மையாப் பேசுனவங்க. உனக்கும் அவங்களுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

அவள் குழுத்தலைவி பக்கம் திரும்பினாள். "இவர் ஒருநாளும் ஒத்துக்கிட்டதில்ல. அடுத்த வாரம் அறுக்கப் போறார். இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் பொய்" என்று அவர்கள் பாஷையில் சொன்னாள்.

குழுத்தலைவி அவள் தோளில் கை வைத்தாள். "தங்கச்சி, நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. உங்க அண்ணன் மாதிரி விட்டுக்கொடுக்கிற மனுஷரை நான் பார்த்ததே இல்ல."

"என்ன சொல்றாங்க?" என்றான் அண்ணன்.

எதிரே இரண்டு முகங்களும் அன்பாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

"உன்னை மாதிரி விட்டுக்கொடுக்கிற மனுஷரைப் பார்த்ததே இல்லையாம்."

"பார்த்தியா?" என்று சொல்லிவிட்டு அண்ணன் சந்தோஷமாகப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். அவன் கொண்டுவந்திருந்த அரிவாள், புதிதாகச் சாணை பிடித்தது, கதவோரம் சாய்ந்திருந்தது.