பெட்டி உடைத்துக் கொடுத்த பற்றரி

என் கணவரின் வயிறும் வலது கையும் வெந்தது கோயிலில். அதுவும் தேரன்று, சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க. வீட்டுக் குசினி அடுப்பில் வெந்திருந்தால் ஒருவரும் இதற்குள் கடவுளை இழுத்திருக்க மாட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். சிகரெட்டை விடச் சொல்லி டாக்டர் வெருட்ட, மனிசன் பற்றரியில் புகைவிடும் வேப்புக்கு மாறினார். இங்கே செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வேப் கடை வைத்திருக்கிறார். அவரிடம் மேலதிகமாக ஒரு பற்றரி வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டுமே! கழற்றும்போது பையில் கிடந்ததையெல்லாம் வழித்தெடுத்து வேட்டி மடிக்குள் சொருகிவிட்டார். கார்த் திறப்புக் கொத்து, கற்பூரத்துக்கு வைத்திருந்த சில்லறை, அந்தப் பற்றரி, எல்லாம் ஒன்றாக. வடம் பிடித்து இழுக்கும்போது மடிக்குள்ளிருந்து நெருப்புச் சீறியது. அதைப் பிடுங்கி எறியப் போய்த்தான் கையும் போனது.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் என் மகளிடம் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினாள். பற்றரியைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கூட்டில் வைக்க வேண்டுமாம். திறப்போ காசோ பட்டால் வெடிக்குமாம். "கடையில் சொல்லவில்லையா?" என்று கேட்டாளாம். அந்தக் கேள்விதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

சனத்துக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. "புகைக்கிற சாமானை மடியில வச்சுக்கொண்டு வடம் பிடிச்சால் சாமி பாத்துக்கொண்டு இருக்குமோ?" என்றார்கள். நாசமாய்ப் போன வாய்கள்! மற்றவர்கள் சொன்னதை நான் தூக்கி எறிந்திருப்பேன். என் மனிசன் நம்பிவிட்டார். சாமி அறைக்குள் போவதில்லை. விபூதி பூசுவதில்லை. "நான் தொடக் கூடாது" என்கிறார். மரக்கறி வெட்டிய உணவகத்து வேலையும் போய், சன்னலைப் பார்த்தபடி இருக்கிறார். கை இனித் திரும்பாது என்று எனக்குத் தெரியும். மனிசனையாவது திருப்பி எடுக்கலாம் என்று நினைத்தேன்.

அதற்காகத்தான் பஸ் ஏறிக் கடைக்குப் போனேன்.

"அண்ணை, பற்றரியை எப்பிடி வச்சிருக்க வேணுமெண்டு அவருக்குச் சொன்னனீங்களோ?"

"அதெல்லாம் பெட்டியில எழுதியிருக்குத் தங்கச்சி."

"அப்ப பெட்டி எங்க?"

கடைக்காரர் மேசையைத் துடைக்கத் தொடங்கினார். "அது ரெண்டு சேத்து வாற பெட்டி. இவர் ஒண்டு காணும், ரெண்டு வேண்டாம் எண்டவர். தெரிஞ்ச ஆளெண்டு உடைச்சு ஒண்டைக் குடுத்தனான். வேற ஆருக்கும் அப்பிடிக் குடுக்கிறேல்லை."

நல்ல உபகாரம்! பெட்டி கடையில், பற்றரி எங்கள் மடியில். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆனால் சண்டை பிடிக்கப் போகவில்லையே, அடக்கிக்கொண்டேன்.

"நான் காசு கேக்க வரேல்லை அண்ணை. வீட்டை வந்து அவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. இது சாமிக் குற்றமில்லை, நான்தான் சொல்லாமல் விட்டனான் எண்டு. நீங்கள் சொன்னால் அவர் கேப்பார்."

"ஓம், ஓம். ஞாயிற்றுக்கிழமை வாறன்."

வந்தார். பொய் சொல்லக் கூடாது, சொன்னபடியே வந்தார். கையில் பழத்தட்டு, பூ, விபூதி. என் கணவரின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்துகொண்டு வந்திருந்தார்.

"யோசியாதை தம்பி. பிழை ஆர்தான் விடேல்லை? நான் உனக்காக மன்றாடிப்போட்டு வாறன். சாமி உயிரோட விட்டுதெல்லே."

நான் கடைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

என் கணவர் எழுந்து கும்பிடப் பார்த்தார். வலது கை விரல்கள் நிமிரவில்லை. இடது கையால் அவற்றைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதார். "அண்ணை, என்ர பாவத்தால உங்கட கடைக்கும் கெட்ட பேர். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"சீச்சீ, அதை நான் மனசில வைக்கேல்லை" என்றார் கடைக்காரர்.