செல்வத்துக்கு நான் தூக்கிய விரல்

அஸ்தினாபுரம் மைதானத்தில் இன்று காலை என் பழி தீர்ந்தது, மக்களே.

எங்கள் ஆட்டத்தில் பேட்டிங் பண்ணும் டீம் ஆள்தான் அம்பயர். போன ஞாயிறு எங்கள் டீம் செல்வம் அம்பயராக நின்றான். நின்றான் என்றால் நின்றான், ஸ்டம்புக்குப் பின்னால் விளக்குக் கம்பம் மாதிரி. பௌலர் முதுகைத் தவிர எதையும் பார்க்காமல், கோட்டைத் தாண்டிவிட்ட எனக்கு ரன் அவுட் கொடுத்தான்.

இன்று அவன் பேட்டிங், நான் அம்பயர். அவன் ஆயுசில் முதல் அரை சதம், இன்னும் ஒரே ஒரு ரன்.

பந்தைத் தட்டிவிட்டு என் பக்கம் ஓடி வந்தான். பந்து போன பக்கமே நானும் ஓடி, கோட்டுக்கு நேராகக் குனிந்து நின்றேன். ஸ்டம்பு சாய்ந்தபோது பேட் நாலு விரல் வெளியே இருந்தது.

உடனே கை தூக்கவில்லை. அவன் மூச்சு வாங்கி, என் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருந்தேன். பிறகு மெதுவாக விரலைத் தூக்கினேன்.

“இன்னாண்ணா, நம்ம டீமுக்கே அவுட் குடுக்கிற?”

“நல்லா பாத்துட்டுதான்டா குடுத்தேன். போன வாரம் நீ இப்டி ஓடி வந்து பாத்திருந்தா, இன்னிக்கு நான் கம்பம் மாதிரி நின்னுகினு இருந்திருப்பேன்.”

ஒரு ரன்னில் தோற்றோம். முடிந்ததும் எல்லோருக்கும் டீ வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. நானே போய் வாங்கிக் குடித்தேன். அப்படி ருசி!

உங்கள் டீமிலும் செல்வம் மாதிரி ஒருத்தன் இருந்தால் சொல்லுங்கள், அம்பயராக வந்து நிற்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான் இருப்பேன்.